த்ராட்டில் கொடுத்ததும் கவிழும் குவாட்: மோட்டார், ப்ராப் பிரச்சினையை எங்கிருந்து பார்ப்பது?

கேள்வியை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். 5 அங்குல ப்ராப்கள் (ப்ரொப்பெல்லர்கள்) மாட்டிய குவாட், அதாவது நான்கு மோட்டார் ட்ரோன்; 2207 மோட்டார்கள், 4எஸ் (நான்கு செல்) பேட்டரி, அதை ஓட்டும் மென்பொருள் பீட்டாஃப்ளைட். முன் வலது, பின் இடது மூலைகளில் இருந்த மோட்டார்களைப் புதிதாக மாற்றியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு த்ராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டும் ஸ்டிக்) ஏற்றியதும் முன் வலது மூலை தரையில் குத்திக் கவிழ்கிறது. அந்த மோட்டாரில் மட்டும் கையிருப்பிலிருந்த இன்னொரு வகை ப்ராப்பைப் போட்டதும் கவிழ்வது நின்றுவிட்டது. ஆனால் தரையை விட்டு எழுந்ததும் இடப்பக்கமாகச் சுழல ஆரம்பிக்கிறது, ஸ்டிக்கை எப்படி அசைத்தாலும் நிற்பதில்லை. கூடவே பின் இடது மோட்டார் அரை நிமிடத்தில் தொட முடியாத அளவு சூடாகிறது. பிஐடி எண்களை (சாய்வை எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் எண்கள்) மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. பிஐடி பக்கத்தையே இப்போதைக்குத் திறக்காதீர்கள். முன்பு ஒழுங்காகப் பறந்த குவாட், மோட்டார் மாற்றியதும் கவிழ்கிறது என்றால் சால்டரிங்கிலோ திசையிலோ ப்ராப்பிலோதான் கோளாறு. நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், முன் வலது மோட்டார் தவறான திசையில் சுற்றுகிறது. ப்ராப்பை மாற்றிப் போட்டதில் அந்தத் தவறு மறைந்துகொண்டது, தீரவில்லை. ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் அடுத்த முறை வேறு மூலையில் வந்தாலும் நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

குவாட் பறக்க நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். எந்த எண் மோட்டார் எந்த மூலையில் இருக்கிறது. ஒவ்வொன்றும் எந்தத் திசையில் சுற்றுகிறது. அதில் மாட்டிய ப்ராப் எந்தச் சுழிக்கானது. குவாட்டின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டு (எஃப்சி) தன் முன்பக்கம் என்று எதை நினைத்துக்கொண்டிருக்கிறது. இதில் ஒன்று தவறினால் ட்ரோன் வெளிப்படையாகக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு தவறினால்தான் ஆபத்து, ஒன்றை ஒன்று மறைத்து மூன்றாவதாக வேறு ஒரு நோயைக் காட்டும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

பீட்டாஃப்ளைட்டின் வழக்கமான அமைப்பில் 1 பின் வலது, 2 முன் வலது, 3 பின் இடது, 4 முன் இடது. மேலிருந்து பார்க்கும்போது 1-ம் 4-ம் வலஞ்சுழி, அதாவது கடிகார முள் போகிற திசை. 2-ம் 3-ம் இடஞ்சுழி. எதிரெதிர் மூலையில் இருக்கும் ஜோடி ஒரே திசையில் சுற்றும். பீட்டாஃப்ளைட் போலவே போர்டில் ஓடும் வேறு மென்பொருள்களான (ஃபர்ம்வேர்) ஆர்டுபைலட்டிலும் பிஎக்ஸ்4-லும் மூலைகளின் சுற்றும் திசை இதேதான், எண்கள் மட்டும் வேறு: 1 முன் வலது, 2 பின் இடது, 3 முன் இடது, 4 பின் வலது. ஒரு ஃபர்ம்வேருக்கான படத்தைப் பார்த்து இன்னொன்றுக்கு வயர் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த எண்களில்தான்.

இனி உங்கள் விஷயம். ப்ராப் காற்றைச் சுழற்றும்போது காற்று ஃப்ரேமை எதிர்த்திசையில் திருக்கும். இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி இருப்பதால் அந்தத் திருக்கு ஒன்றோடொன்று கழிந்துபோகிறது. 2-ம் எண் மோட்டார் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டியது. புது மோட்டாரின் மூன்று வயர்களில் இரண்டு முன்பிருந்ததற்கு இடம் மாறி சால்டர் ஆகியிருந்தால் அது வலஞ்சுழியாகச் சுற்றும். அதில் இடஞ்சுழி ப்ராப் இருந்தால் காற்றை மேலே தள்ளும். மூலை கீழே குத்தும். முதலில் நடந்தது இது. அப்புறம் நீங்கள் அதில் வலஞ்சுழி ப்ராப்பைப் போட்டீர்கள். காற்று கீழே போனது, மூலை தூக்கியது. ஆனால் இப்போது மூன்று வலஞ்சுழி, ஒரே ஒரு இடஞ்சுழி. மிச்சமிருக்கும் திருக்கு ஃப்ரேமை இடப்பக்கம் சுழற்றுகிறது. இதைத் தடுக்க எஃப்சி 2-ஐயும் 3-ஐயும் ஏற்றி, 1-ஐயும் 4-ஐயும் இறக்கும். ஆனால் 2-ன் திருக்கு இப்போது எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் அது 3-ன் உழைப்பைத் தின்றுவிடுகிறது. 1-ம் 4-ம் எவ்வளவு இறங்கினாலும் கொஞ்சம் இடத்திருக்கு பாக்கி இருக்கும். அதனால்தான் ஸ்டிக்குக்குக் கட்டுப்படவில்லை.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. 2-ம் 3-ம் தான் மொத்த எடையையும் சுமக்கின்றன, எனவே 3 சூடாவதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கணக்குப்படி 2-ம் சூடாக வேண்டும். 3 மட்டும் தொட முடியாத சூடு என்கிறீர்கள். ஆகவே பின் இடது மோட்டாரில் தனியாக இன்னொரு கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே தேட வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் நான்கு ப்ராப்பையும் கழற்றுங்கள். ஒன்று விடாமல். "ஒரு நொடி பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்" என்ற பேச்சே வேண்டாம். 5 அங்குல ப்ராப் விரலை எலும்பு வரை வெட்டும். யுஎஸ்பி கேபிளை மட்டும் செருகினால் மோட்டார் சுற்றாது, பேட்டரியும் வேண்டும். புதிதாக சால்டர் செய்திருப்பதால் முதல் முறை பேட்டரியை ஸ்மோக் ஸ்டாப்பர் வழியாகச் செருகுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் அது மின்னோட்டத்தைத் தடுத்துவிடும், மோட்டாரை ஓட்டும் மின்சுற்றான இஎஸ்சி பிழைக்கும்.

பேட்டரி செருகும்போது காதையும் கொடுங்கள். பிஎல்ஹெலி வகை இஎஸ்சி-கள் உயிர் வந்ததும் மூன்று குட்டை ஒலி எழுப்பும். அது மோட்டாரின் சுருள்களே எழுப்பும் ஒலிதான், தனி ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. அடுத்து, எஃப்சி-யிலிருந்து சிக்னல் கிடைத்ததும் தாழ்ந்த ஒலி ஒன்று, த்ராட்டில் பூஜ்யத்தில் இருப்பது உறுதியானதும் உயர்ந்த ஒலி ஒன்று. மூன்று மட்டும் வந்து பின்னிரண்டு வராவிட்டால் மின்சாரம் வருகிறது, சிக்னல் வரவில்லை: சிக்னல் வயர், கனெக்டர், அல்லது இஎஸ்சி-க்குப் புரியாத சிக்னல் முறை (புரோட்டோகால்). ஒரு மூலையிலிருந்து மட்டும் ஒலியே இல்லை என்றால் அந்த மோட்டாரின் வயர் சால்டரையோ இஎஸ்சி-யையோ சந்தேகப்படலாம்.

இப்போது கணினியில் பீட்டாஃப்ளைட் கான்ஃபிகரேட்டரின் மோட்டார் பக்கத்தில் (மோட்டார் டேப்) 1-ம் எண் ஸ்லைடரை மிகக் கொஞ்சம் ஏற்றுங்கள். எந்த மூலை சுற்றுகிறது என்று மட்டும் பாருங்கள், திசையைப் பிறகு பார்க்கலாம். 1 பின் வலதா? 2 முன் வலதா? நான்கையும் சரிபார்த்து எழுதிவைத்த பிறகுதான் திசைக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கப் போனால் குழப்பம்தான். ஆர்டுபைலட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதை அமைக்கும் கணினி மென்பொருளான மிஷன் பிளானரின் மோட்டார் டெஸ்ட்டில் ஏ, பி, சி, டி என்ற பொத்தான்கள் மோட்டார் எண் வரிசையில் வருவதில்லை. முன் வலதில் தொடங்கி வலஞ்சுழியாகப் போகும். அதாவது பி-யை அழுத்தினால் பின் வலது சுற்ற வேண்டும், அது 4-ம் எண் மோட்டார். இது தெரியாமல் சரியாக இருந்த வயரைக் கழற்றி மாற்றியவர்கள் நிறைய.

திசையைக் கண்ணால் பிடிப்பது கடினம், மோட்டார் மெதுவாகச் சுற்றினாலும் மங்கலாகத்தான் தெரியும். மோட்டாரின் மணியில் (சுற்றும் வெளிக்கூட்டில்) ஒரு துண்டு ஒட்டு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டுங்கள். அல்லது ஒரு காகிதத் துண்டின் நுனியை மணியின் பக்கவாட்டில் உரசும்படி பிடியுங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதுதான் திசை. நான் காகிதத்தைத்தான் விரும்புவேன், சந்தேகத்துக்கே இடம் இருக்காது.

முன் வலது மோட்டார் வலஞ்சுழியாகச் சுற்றுவது உறுதியானால் திருத்த இரண்டு வழி. மோட்டாரிலிருந்து இஎஸ்சி-க்குப் போகும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றி சால்டர் செய்யலாம். எந்த இரண்டு என்பது முக்கியமில்லை. இல்லையென்றால் இஎஸ்சி அமைப்பிலேயே திசையைத் தலைகீழாக்கலாம். பீட்டாஃப்ளைட் கான்ஃபிகரேட்டரின் புதிய பதிப்புகளில் மோட்டார் டேபிலேயே அதற்கு வசதி இருக்கிறது. மென்பொருள் வழி சுலபம், சால்டருக்கும் பழுது இல்லை. ஒரே குறை, பிறகு இஎஸ்சி-யை மாற்றினாலோ அதற்கு ஃபர்ம்வேர் புதிதாக ஏற்றினாலோ அந்த அமைப்பு போய்விடலாம், உங்களுக்கும் மறந்திருக்கும். அதனால் இஎஸ்சி ஃபர்ம்வேரைத் தொட்ட ஒவ்வொரு முறையும் காகிதச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. பலர் நான்கு மோட்டாரையும் எதிர்த்திசையில் சுற்றவிட்டுப் பறக்கிறார்கள். முன் ப்ராப்கள் புல், மண்ணைக் கேமராவை நோக்கி அடிக்காமல் வெளியே தள்ளும் என்பதற்காக. தவறில்லை. ஆனால் மோட்டார்களை மாற்றி, ப்ராப்களை மாற்றிவிட்டு, பீட்டாஃப்ளைட்டில் "மோட்டார் திசை தலைகீழ்" என்ற அமைப்பை மட்டும் மாற்ற மறந்தால், குவாட் எழுந்ததும் சுழல ஆரம்பித்து வேகம் கூடிக்கொண்டே போகும். எஃப்சி தடுப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கணமும் அதே பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். உங்களுடையது ஒரே பக்கம் விடாமல் சுழன்றாலும் வேகம் கட்டுக்குள் இருந்ததா, இல்லை கூடிக்கொண்டே போனதா என்று நினைத்துப் பாருங்கள். கூடிக்கொண்டே போயிருந்தால் இந்த அமைப்பையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, ப்ராப்புக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு வேறு வேறு தவறுகளை எல்லோரும் ஒன்றாகவே பேசுகிறார்கள்: ப்ராப் "தவறான வகை" என்பதும், ப்ராப் "கவிழ்த்து மாட்டியது" என்பதும். இரண்டின் விளைவும் ஒன்றல்ல.

ஒரு ப்ராப்பைக் கையில் எடுத்து, ஒரு இறக்கையின் நுனி உங்களை நோக்கி வரும்படி கண் மட்டத்தில் பிடியுங்கள். இறக்கை சாய்ந்திருப்பது தெரியும்; ஒரு ஓரம் உயர்ந்தும் மறு ஓரம் தாழ்ந்தும் இருக்கும். வலப்பக்க ஓரம் உயர்ந்திருந்தால் அது இடஞ்சுழி மோட்டாருக்கான ப்ராப். இடப்பக்க ஓரம் உயர்ந்திருந்தால் வலஞ்சுழிக்கானது. இப்போது அதைக் கவிழ்த்துப் பிடித்து அதே மாதிரி பாருங்கள். உயர்ந்த ஓரம் முன்பு இருந்த பக்கத்திலேயே இருக்கும், மாறாது. திருகாணியை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அதன் மரை ஒரே பக்கம்தானே ஓடுகிறது, அது போலத்தான். ஆகவே வலஞ்சுழி ப்ராப்பைக் கவிழ்த்துப் போட்டு இடஞ்சுழி ப்ராப் ஆக்க முடியாது.

கவிழ்க்கும்போது மாறுவது வேறு. ப்ராப்பின் ஓரங்களை நகத்தால் தடவினால் ஒன்று சற்றுத் தடித்து உருண்டும், மற்றது மெலிந்து கூர்மையாகவும் இருப்பது தெரியும். சரியாக மாட்டிய ப்ராப்பில் உயர்ந்த ஓரம்தான் தடித்த ஓரம். அதுதான் காற்றை முதலில் சந்திக்கும். மேல்முகம் புடைத்திருக்கும், அளவு எழுதியிருப்பதும் பெரும்பாலும் அந்த முகத்தில்தான். கவிழ்த்து மாட்டினால் மெல்லிய ஓரம் உயர்ந்துவிடும், புடைப்பு கீழே போய்விடும். சரியான வகை ப்ராப்பாக இருந்தால் காற்று அப்போதும் கீழேதான் போகும், ஆனால் பலம் குறைந்துபோகும், சத்தம் கரகரப்பாக மாறும். எஃப்சி அந்த மூலையைத் தூக்க மோட்டாரை இன்னும் வேகமாக ஓட்டும். குவாட் பறக்கக்கூடச் செய்யும், ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி, சோம்பலாக. மோட்டார் சுடும்.

இதிலிருந்து ஒரு வேகமான அடையாளம் கிடைக்கிறது. எழுந்த கணத்திலேயே ஒரு மூலை தரையில் குத்தினால் மோட்டார் திசையும் ப்ராப் வகையும் பொருந்தவில்லை. எழுகிறது, ஆனால் ஒரு மூலை பலவீனமாக இருந்து அதன் மோட்டார் சுடுகிறது என்றால் ப்ராப் கவிழ்ந்திருக்கலாம். உங்கள் பின் இடது மோட்டாருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த ப்ராப்பின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், பத்து நொடி வேலை.

ப்ராப்பின் எண்களையும் ஒரு முறை படித்துவிடுங்கள். 5045 என்றால் விட்டம் 5 அங்குலம், பிட்ச் (ஒரு சுற்றில் ப்ராப் கணக்குப்படி முன்னேறும் தூரம்) 4.5 அங்குலம். 5×4.3×3 என்றால் கடைசி 3 இறக்கைகளின் எண்ணிக்கை. எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து இருந்தால் வழக்கமாக அது வலஞ்சுழிக்கானது. கையிருப்பிலிருந்து எடுத்த ப்ராப் வேறு பிட்ச்சாக இருந்தாலும் குவாட் பறக்கும், ஆனால் ஒரு மூலை எப்போதும் வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நான்கும் ஒரே வகையாக இருப்பதுதான் நல்லது.

ப்ராப் சரியாகவே இருக்கிறது என்றால் அடுத்த சந்தேகம் ஸ்க்ரூ. மோட்டாரை ஃப்ரேமின் கையோடு பிணைக்கும் எம்3 ஸ்க்ரூ நீளமாக இருந்தால் அதன் நுனி உள்ளே போய் செம்புச் சுருளைத் தொடும். பழைய மோட்டாருக்குச் சரியாக இருந்த ஸ்க்ரூ புது மோட்டாருக்கு நீளமாகப் போவது சாதாரணம், ஏனென்றால் அடித்தட்டின் தடிமன் மாடலுக்கு மாடல் வேறுபடும். மணியின் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூ நுனிக்கும் சுருளுக்கும் நடுவில் இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பேட்டரி கழற்றிய நிலையில் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, மோட்டார் வயர் ஒன்றிலும் ஸ்க்ரூ தலையிலும் தொடுங்கள். ஒலிக்கக் கூடாது. இன்று ஒலிக்காவிட்டாலும் நுனி உரசிக்கொண்டிருந்தால் அதிர்வில் சுருளின் பூச்சு தேய்ந்து ஒரு நாள் ஷார்ட் ஆகும், பெரும்பாலும் இஎஸ்சி-யையும் கூட்டிக்கொண்டு போகும். கார்பன் ஃப்ரேம் மின்சாரம் கடத்தும் என்பதும் இந்த இடத்தில் நினைவில் இருக்கட்டும். கையின் கூர்மையான ஓரத்தில் உரசும் மோட்டார் வயருக்கும் இதே கதிதான்.

மூன்றாவது, கேவி. புது மோட்டார்கள் பழையவற்றின் அதே கேவி-தானா? 2207 என்பது உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் (சுருள் சுற்றிய அசையாப் பகுதி) அளவு மட்டும்தான், 22 மில்லிமீட்டர் விட்டம், 7 மில்லிமீட்டர் உயரம். அதே 2207 அளவில் 6எஸ்-க்கான 1750 கேவி-யும் வரும், 4எஸ்-க்கான 2450 கேவி-யும் வரும். கேவி என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. முழு சார்ஜில் 4எஸ் பேட்டரி 16.8 வோல்ட், 2450 கேவி மோட்டார் கணக்குப்படி சுமார் 41,000 சுற்று, 1750 கேவி மோட்டார் சுமார் 29,000 சுற்று. இரண்டையும் ஒரே குவாட்டில் கலந்தால் பலவீனமான மூலைகளை ஈடுகட்டுவதிலேயே எஃப்சி-யின் சக்தி போய்விடும்.

இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. இருவழி டிஷாட் (மோட்டார் வேகத்தை இஎஸ்சி எஃப்சி-க்குத் திருப்பிச் சொல்லும் சிக்னல் முறை) இயக்கியிருந்தால் மோட்டார் டேபில் ஒவ்வொரு மோட்டாரின் சுற்று வேகமும் தெரியும். ப்ராப் இல்லாமல் நான்கையும் ஒரே ஸ்லைடர் அளவில் ஓட்டுங்கள். எண்கள் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். புது மோட்டார்கள் இரண்டும் ஒரே மாதிரி விலகி நின்றால் கேவி வேறு. 3 மட்டும் தனியாக விலகி நின்றால் அதன் பேரிங் அல்லது சுருளில் கோளாறு. பேட்டரி கழற்றிய பின் நான்கு மணிகளையும் கையால் சுற்றிப் பாருங்கள், காந்தத்தின் இடறல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மணல் அரைபடுவது போல் தோன்றினால் பேரிங் போயிருக்கிறது, அல்லது காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் சிக்காவிட்டால் இடம் மாற்றும் சோதனை. 3-ம் எண் மோட்டாரின் வயர்களை வேறொரு இஎஸ்சி-யில் சால்டர் செய்து ஓட்டுங்கள். கோளாறு மோட்டாரோடு போனால் மோட்டார். பழைய இடத்திலேயே நின்றால் இஎஸ்சி. சால்டர் வேலைதான் சலிப்பு, ஆனால் ஊகத்தில் புது மோட்டார் வாங்குவதைவிட இது மேல். மோட்டார் சுற்றாமல் நின்ற இடத்திலேயே துடித்தால் மூன்று வயரில் ஒன்று இணையவில்லை என்று அர்த்தம். முதலில் அந்த சால்டர் புள்ளியைத்தான் பாருங்கள். மூன்று வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் அளந்து ஒப்பிடலாமே என்று தோன்றும். சாதாரண மீட்டரால் முடியாது. இந்தச் சுருள்களின் மின்தடை ஓமில் நூறில் சில பங்குதான், மீட்டரின் கேபிளே அதைவிட அதிகம். அறுந்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் நம்பலாம்.

தொடக்கத்தில் சொன்ன நான்கு விஷயங்களில் கடைசி, போர்டின் முகம். நீங்கள் எஃப்சி-யைத் தொடவில்லை என்பதால் உங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. புதிதாகக் கட்டுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். யுஎஸ்பி பக்கவாட்டில் வர வேண்டும் என்று போர்டை 90 டிகிரி திருப்பி வைத்துவிட்டு அதை அமைப்பில் சொல்லாமல் விட்டால், குவாட் முன்னால் சாயும்போது எஃப்சி பக்கவாட்டில் சாய்வதாக நினைத்துத் தவறான மோட்டாரை ஏற்றும், நொடியில் கவிழும். கான்ஃபிகரேட்டரின் முதல் பக்கத்தில் வரும் முப்பரிமாண மாதிரியைப் பார்த்தபடி குவாட்டைக் கையில் எடுத்து மூக்கை இறக்குங்கள், வலது பக்கம் சாயுங்கள், வலஞ்சுழியாகத் திருப்புங்கள். மூன்றிலும் திரையில் உள்ளது அப்படியே செய்தால் போர்டு சரி.

ப்ராப் இல்லாமல் சோதிக்கும்போது ஒரு பயம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மேசையில் வைத்து ஆர்ம் செய்து (மோட்டார்களை இயங்க அனுமதித்து) த்ராட்டில் கொஞ்சம் ஏற்றினால் மோட்டார்கள் ஒன்றுக்கொன்று வேறு வேகத்தில் ஓடும், சில தானாகவே ஏறிக்கொண்டே போகும், த்ராட்டிலைக் குறைத்தாலும் உடனே இறங்காது. இது கோளாறு இல்லை. எஃப்சி ஒரு சாய்வைத் திருத்தப் பார்க்கிறது, ப்ராப் இல்லாததால் சாய்வு மாறவே இல்லை, அது தள்ளலைக் கூட்டிக்கொண்டே போகிறது. மோட்டார்களை ஒப்பிட வேண்டுமானால் மோட்டார் டேபின் ஸ்லைடரில் செய்யுங்கள், ரேடியோவில் ஆர்ம் செய்து பார்க்காதீர்கள். ஸ்லைடரிலேயே ஒரு மோட்டார் தாமதமாகக் கிளம்பினால், பழைய பிடபிள்யூஎம் அல்லது ஒன்ஷாட் புரோட்டோகாலில் இஎஸ்சி கேலிப்ரேஷன் (த்ராட்டிலின் எல்லைகளை இஎஸ்சி-க்குக் கற்றுக்கொடுப்பது) செய்யாமல் விட்டிருக்கலாம். டிஷாட்டில் கேலிப்ரேஷன் என்ற வேலையே கிடையாது.

மோட்டார் மாற்றியிருப்பதால் இன்னொரு அமைப்பையும் பார்க்க வேண்டும்: காந்தங்களின் எண்ணிக்கை. ஆர்பிஎம் ஃபில்டர் மோட்டாரின் அதிர்வைச் சரியான இடத்தில் வெட்ட இந்த எண்ணை நம்பியிருக்கிறது. 5 அங்குல மோட்டார்களில் பெரும்பாலும் 14 காந்தம், சிறிய வூப் வகைகளில் பெரும்பாலும் 12. எண்ண வேண்டியது மணியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் காந்தங்களை, நடுவிலிருக்கும் செம்புச் சுருள்களை அல்ல. சுருள்கள் 12 என்று எண்ணி அதையே போட்டுவிட்டால், 14 காந்த மோட்டாரின் வேகம் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு கூடுதலாகக் கணக்காகும். நிமிடத்துக்கு 24,000 சுற்றில் நிஜ அதிர்வு 400 ஹெர்ட்ஸ். ஃபில்டர் போய் நிற்பதோ 467-ல். வெட்டப்படாத அதிர்வு கைரோ (சுழற்சியை உணரும் சென்சார்) வழியாக மோட்டாருக்கே திரும்பி வந்து நான்கையும் சூடாக்கும். ஒரு மோட்டார் மட்டும் சுட்டால் இது காரணமில்லை, நான்கும் சுட்டால் இதை முதலில் பாருங்கள்.

கவிழ்ந்த குவாட்டில் மோட்டார் தண்டு வளைந்திருக்கவும் வாய்ப்புண்டு. ப்ராப் இல்லாமல் மெதுவாக ஓட்டி, மணியின் மேல் விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். விளிம்பு ஆடாமல் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ப்ராப் நுனியில் சின்ன வெட்டு இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மரையுள்ள நட், வலஞ்சுழி மோட்டாரில் தானாகத் தளரப் பார்க்கும், இடஞ்சுழியில் தானாக இறுகும். அதனால்தான் பழைய மோட்டார் செட்டுகளில் இரண்டு நிற நட்டுகள் வந்தன, ஒரு ஜோடிக்கு இடமரை. இன்று நைலான் வளையம் வைத்த லாக் நட்டுகள் வருவதால் அந்தக் கவலை குறைவு, ஆனால் நைலான் தேய்ந்து கையாலேயே சுற்றினால் ஓடுகிற நட்டை வைத்துக்கொண்டு பறக்காதீர்கள். அதுவும் உங்கள் 1-லும் 4-லும்.

திடீர் த்ராட்டிலில் மட்டும் ஒரு மோட்டார் ஒரு கணம் நின்று குவாட் புரண்டு விழுந்தால் அது வேறு நோய், டீசிங்க். மோட்டாரின் நிலையை இஎஸ்சி தவறவிடுகிறது. பேட்டரி வயர் சேரும் இடத்தில் நல்ல கெபாசிட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இஎஸ்சி அமைப்பில் டீமேக் காம்பன்சேஷனை உயர்த்தி, ராம்ப்-அப் பவரைக் கொஞ்சம் குறையுங்கள். உங்கள் அடையாளங்களில் இது இல்லை.

உருண்டைக் கார்பன் குழாய் கைகள் உள்ள பெரிய ட்ரோன்களில் இந்தச் சுழற்சிப் பிரச்சினை மெல்லிய வடிவத்தில் வரும். விழுந்து எழுந்த பின் ஒரு மோட்டார் குழாயோடு இரண்டு மூன்று டிகிரி திரும்பியிருக்கும். ட்ரோன் பறக்கும், சுழலாது, ஆனால் அதைச் சமாளிக்க ஒரு மூலைவிட்ட ஜோடி எப்போதும் கூடுதலாக உழைக்கும். ஆர்டுபைலட் லாகில் (பறந்ததன் பதிவில்) மோட்டார் வெளியீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். ஆர்டுபைலட் எண்களில் 1-ம் 2-ம் ஒரு கூட்டமாக மேலே, 3-ம் 4-ம் கீழே என்று பிரிந்தால் ஏதோ ஒரு மோட்டார் சாய்ந்திருக்கிறது. 1-ம் 3-ம் மேலே இருந்தால் மூக்குப் பக்கம் எடை அதிகம், பேட்டரியைப் பின்னால் தள்ள வேண்டும். அதே லாகில் அதிர்வு அளவு 30-க்குள் இருந்தால் நல்லது, 60-ஐத் தாண்டினால் முதலில் ப்ராப்பையும் தண்டையும் பாருங்கள்.

உங்கள் குவாட்டுக்குத் திரும்பினால், வேலை வரிசை இப்படி. முன் வலது மோட்டாரின் திசையைக் காகிதத்தால் உறுதி செய்து இடஞ்சுழியாக்குங்கள். அதில் போட்ட வலஞ்சுழி ப்ராப்பைக் கழற்றி, இடஞ்சுழி ப்ராப்பைத் திரும்ப மாட்டுங்கள். இதை மறந்தால் மறுபடி அதே மூலையில் குத்தும். பின் இடது ப்ராப்பின் முகம், ஸ்க்ரூ நீளம், கேவி மூன்றையும் பாருங்கள். பிறகு திறந்த இடத்தில் குவாட்டின் பின்னால் நன்றாகத் தள்ளி நின்று, அது தரையிலிருந்து லேசாகும் வரை மட்டும் த்ராட்டில் கொடுங்கள். எந்த மூலையாவது முதலில் கிளம்பினால் உடனே டிஸ்ஆர்ம், த்ராட்டிலைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஒழுங்காக எழுந்தால் இடுப்பு உயரத்தில் அரை நிமிடம் நிறுத்தி இறக்கி, டிஸ்ஆர்ம் செய்து பேட்டரியைக் கழற்றிவிட்டு நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பாருங்கள். நான்கும் வெதுவெதுப்பாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். 3 இன்னும் தனியாகச் சுட்டால், ப்ராப் இல்லாமல் ஒரே ஸ்லைடர் அளவில் வந்த நான்கு சுற்று எண்களையும் புது மோட்டார்களின் கேவி-யையும் எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.